இரத்தோட்டைக் கூரைகளின் மேல்

ஓர் ஊருக்குச் செல்பவர்கள் முதலில் அவ்வூர்க் கோயிலைக் காண்பர். பின்னர் ஆற்றையும் அருவியையும் காண்பர். நேரம் எஞ்சினால் கடைத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வருவர். மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டைக்குச் செல்லும் அன்பர்கள் இவற்றோடு இன்னொன்றையும் காணவேண்டும் என்பது என் விருப்பம். பேருந்திலிருந்து இறங்கியதும் தலையைச் சற்றே நிமிர்த்தி அவ்வூர்க் கூரைகளின் மேற்புறத்தைப் பாருங்கள். செய்மதி ஒளிபரப்பை வாங்கும் வட்டக் கிண்ணங்களுக்கிடையே, துருவேறிய நீர்க்குழாய்களின் உச்சியிலும், சில இடங்களில் மூங்கிற் கழிகளின் உச்சியிலும், மீன் முள்ளைப் போன்ற பழைய அலுமினிய அன்டெனாக்கள் இன்னும் எஞ்சி நிற்கின்றன.

ஓர் ஊரின் அன்டெனாக்கள் யாவும் ஒரே திசையை நோக்கி நிற்பதே வழக்கம். ஒளிபரப்புக் கோபுரம் எப்புறம் உள்ளதோ அப்புறம் அவை முகங்காட்டும். இரத்தோட்டையிலோ ஒன்று தெற்கே பார்க்கும். அடுத்த வீட்டது கிழக்கு மலையைப் பார்க்கும். மேட்டுத் தோட்டத்து லயத்தில் உள்ளது வடமேற்கே, கடலுக்கு அப்பாலுள்ள நாட்டைப் பார்க்கும். காற்று அடித்து அவை திரும்பிப் போனதாக எண்ணி விடாதீர்கள். ஒவ்வொன்றும் அவ்வாறு நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணங்களைத் தேடிச் சென்றால் மலையைப் பற்றியும், அலைகளைப் பற்றியும், அக்கூரைகளின் கீழ் வாழ்ந்த மக்களைப் பற்றியும் நாம் அறிந்து கொள்ளலாம்.

வழியும் ஊரும்

மாத்தளை நகரில் முத்துமாரியம்மன் கோயிலின் வானுயர்ந்த இராச கோபுரத்தை வணங்கிவிட்டுக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டால், பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தொலைவில் இரத்தோட்டை வந்துவிடும். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குக் காட்டு வழியே கால்நடையாக வந்த நம் முன்னோர்க்கு மலைநாட்டின் வாயிலாக இருந்தது மாத்தளை. அங்கிருந்து அவர்கள் பிரிந்து சென்ற திசைகளில் ஒன்றே இந்தக் கிழக்குத் திசை.

வழிநெடுகிலும் வாசனை மிகுதி. மிளகுக் கொடி மரந்தோறும் ஏறியிருக்கும். கராம்பு, சாதிக்காய், கொக்கோ, ஏலம் என்று அங்காடியில் பொட்டலமாக மட்டுமே நாம் பார்த்த பொருள்களெல்லாம் இங்கே செடியாகவும் மரமாகவும் நின்று நம்மை வரவேற்கும். தாழ்வான நிலத்தில் இறப்பர். மேலே ஏற ஏறத் தேயிலை. ஊருக்கு அருகிலுள்ள பம்பரகிரி எல்ல என்னும் அருவியும், அதன் மேலுள்ள தொங்கு பாலமும் இளைஞர் கூட்டத்தை ஈர்க்கின்றன.

கடைத்தெருவில் தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கும். கம்மடுவை, நிக்கலோயா, கந்தேநுவரை முதலிய தோட்டங்களிலிருந்து சம்பளத்தை முடிந்துகொண்டு வருவோர்க்கு இதுவே பட்டணம். ஊரைத் தாண்டி மேலே சென்றால் றிவர்ஸ்டன். அங்கே குளிர்ந்த காற்று மனிதரைத் தள்ளிவிடும் வேகத்தில் வீசும். மலையின் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று மூடுபனிக்குள் மறைந்தும் தோன்றியும் நிற்கும். முடக்கிய கைவிரல் மூட்டுக்களைப் போன்றிருப்பதால் ஆங்கிலேயர் ‘நக்கிள்ஸ்’ என்று பெயரிட்ட மலைத்தொடர் இதுவே. இலங்கையின் மத்திய மலைநாடு 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டபோது இம்மலைத்தொடரும் அதில் ஒரு பகுதியாக இடம்பெற்றது.

காண்பதற்கு இனிய இந்த மலைகளே, தொலைக்காட்சி வந்த காலத்தில் இவ்வூராருக்குப் பெருந்தடையாகவும் அமைந்தன.

மலையின் நிழல்

இலங்கையில் தொலைக்காட்சி முதன்முதலாக ஒளிபரப்பானது 1979 ஏப்ரல் 13ஆந் திகதி. சுயாதீனத் தொலைக்காட்சி சேவை தொடங்கிய அந்த ஒளிபரப்பு, கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எட்டியது. நாடு முழுவதற்கும் உரிய ரூபவாகினி, யப்பானிய அரசின் நன்கொடையைக் கொண்டு அமைக்கப்பட்டு, 1982 பெப்ரவரி 15ஆந் திகதி ஒளிபரப்பைத் தொடங்கியது. 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலை மலையின் உச்சியில் அதன் ஒளிபரப்பி நிறுவப்பட்டது. இலங்கையில் அதைவிட உயர்ந்த இடம் வேறில்லை.

அவ்வளவு உயரம் ஏன் வேண்டியிருந்தது? வானொலியின் சிற்றலை, வானத்தின் மேலடுக்கிலே மோதித் திரும்பும் இயல்புடையது. அதனாலேயே இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்கள் ஒருகாலத்தில் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் ஒலித்தன. தொலைக்காட்சிக்குரிய அலையோ அவ்வாறு மேலே மோதித் திரும்புவதில்லை. மேலடுக்கைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். நிலத்தின் மேல் அது ஏறக்குறைய ஒளியைப் போல நேராகச் செல்லும். ஒரு கோபுரத்திலிருந்து எவ்வளவு தூரம் அது எட்டும் என்பதைக் கணக்கிட எளிய வழி உண்டு. கோபுர உச்சியின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆற் பெருக்கினால் தூரம் கிலோமீற்றரிற் கிடைக்கும். பீதுருதாலகாலையின் உயரத்துக்கு இது ஏறத்தாழ 207 கிலோமீற்றர் ஆகும்.

இரத்தோட்டை அம்மலையிலிருந்து வடக்கே அறுபது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்திலேதான் இருக்கிறது. கணக்கின்படி படம் கண்ணாடி போலத் தெரியவேண்டும். ஆனால் அந்தக் கணக்கு நடுவே மலை இல்லாத நிலத்துக்குரியது. இரத்தோட்டைக்குத் தெற்கே எல்கடுவைப் பக்கத்து மலைகள் சுவர் போல எழுந்து நிற்கின்றன. வெயிலை மறைக்கும் மலை தன் பின்புறத்தில் நிழலை வீழ்த்துவது போல, அலையை மறைக்கும் மலையும் ஒரு நிழலை வீழ்த்துகிறது. இரத்தோட்டையின் பள்ளங்களிலுள்ள வீடுகள் அந்த நிழலுக்குள் அகப்பட்டுக் கொண்டன.

ஆயினும் அந்நிழல் முழு இருளன்று. மலையின் முகட்டைத் தொட்டுச் செல்லும் அலை சற்றே வளைந்து கீழிறங்கும். எதிர்ப்புறத்துப் பாறையில் மோதிய அலை தெறித்துத் திரும்பும். இவ்வாறு சிந்திச் சிதறிய அலைகளைப் பொறுக்கி எடுப்பதே இரத்தோட்டை மக்களின் கலையாயிற்று. ஒளிபரப்பி இருக்கும் திசையில் அன்டெனாவைத் திருப்பி ஒன்றும் கிடைக்காதவர், நேரெதிரே உள்ள மொட்டைப் பாறையை நோக்கித் திருப்பிப் படத்தைப் பெற்றதுண்டு. கூரையின் ஒரு மூலையில் வராத படம், பத்தடி தள்ளிக் கம்பத்தை நட்டால் வந்துவிடும். கூரைக்குக் கூரை திசை மாறியதன் முதற் காரணம் இதுவே.

மலையில் தெறித்த அலையினால் ஒரு தொல்லையும் உண்டு. நேரே வந்த அலையும் தெறித்து வந்த அலையும் ஒன்றாகச் சேர்ந்தால், திரையில் ஒருவருக்குப் பக்கத்தில் அவருடைய சாயல் ஒன்று மங்கலாகத் தோன்றும். வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் பின்னால் ஒரு பாறை இருந்தால், தெறித்த அலை மூன்று கிலோமீற்றர் அதிகமாகப் பயணஞ் செய்கிறது. அதனால் அது ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 10 பங்கு நேரம் பிந்தி வரும். அற்ப நேரந்தான், ஆனால் 14 அங்குலப் பெட்டியின் திரையிலே அது ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியாகத் தெரியும். திரையிலே சாயல் விழுந்திருக்கும் தூரத்தை அளந்தே, அதை அனுப்பிய பாறை எவ்வளவு தொலைவில் உள்ளதென்று ஒரு மாணவன் கணக்கிட்டுவிடலாம்.

யாகியும் உடாவும்

மீன் முள் போன்ற இந்த அன்டெனா எங்கிருந்து வந்தது என்பதையும் காண்போம். 1926ஆம் ஆண்டு தொலைக்காட்சியின் வரலாற்றிலே மறக்கமுடியாத ஆண்டாகும். அவ்வாண்டு சனவரி 26ஆந் திகதி ஜோன் லோகி பெயர்ட் இலண்டனில் அறிஞர் குழுவொன்றின் முன் தொலைக்காட்சியை நடத்திக் காட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் யப்பானில் கெஞ்சிரோ தக்காயனாகி என்பவர் ஓர் எழுத்தின் உருவத்தை மின்கதிர்க் குழாயின் திரையில் தோன்றச் செய்தார். யப்பானிய மொழியில் ‘இ’ என்னும் ஒலிக்குரிய எழுத்து அது.

அவ்வாண்டிலேயே, யப்பானின் செண்டாய் நகரத்துத் தொஹொக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிந்தாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்னும் இருவரும் தாம் கண்ட புதிய அன்டெனாவைப் பற்றி அறிவித்தனர். ஆராய்ச்சியின் பெரும்பகுதியைச் செய்தவர் உடா. மூத்த பேராசிரியரான யாகி 1928இல் அதனை ஆங்கிலத்தில் எழுதி உலகறியச் செய்தார். விளைவாக, உலகம் அதனை ‘யாகி அன்டெனா’ என்றே அழைக்கலாயிற்று. உழைத்தவர் பெயர் மறைந்து போவது தேயிலைத் தோட்டத்தில் மட்டும் நிகழ்வதன்று போலும்.

இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. சொந்த நாட்டில் அக்கண்டுபிடிப்பை மதிப்பார் இல்லை. 1942இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய யப்பானியப் படையினர், பிரித்தானியரின் ராடார்க் குறிப்பேடு ஒன்றில் ‘யாகி’ என்னும் சொல்லைக் கண்டு பொருள் விளங்காது திகைத்தனர். சிறைப்பட்டிருந்த பிரித்தானியரிடம் வினவிய பின்னரே, அது தம் நாட்டுப் பேராசிரியர் ஒருவரின் பெயரென்பதை அறிந்தனர்! அந்த யப்பான் நாற்பது ஆண்டுகளின் பின் நமக்கு ரூபவாகினியை நன்கொடையாக அளித்தது. அதன் படத்தைப் பிடிக்க நம் மக்கள் மூங்கிலின் உச்சியில் கட்டியதும் யப்பானியர் இருவரின் கண்டுபிடிப்பே.

வீட்டிலே செய்யும் முறை

கடையில் அன்டெனா கிடைத்தது உண்மைதான். ஆனால் நாட்கூலி பெறும் குடும்பம் பெட்டியை வாங்குவதற்கே ஆண்டுக்கணக்காகச் சீட்டுப் பிடிக்க வேண்டியிருந்தது. எனவே பலர் தாமே அன்டெனாவைச் செய்துகொண்டனர். அலுமினியக் குழாய் கிடைத்தால் குழாய். இல்லாவிட்டால் தடித்த மின்கம்பி. அதுவும் இல்லாதபோது கைவிடப்பட்ட சைக்கிள் சக்கரத்தின் வளையம். அளவை அறிந்து செய்தவர்களும் உண்டு. கண்ணளவாற் செய்தவர்களும் உண்டு.

மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் அளவைச் சொல்கிறேன். பழைய தொலைக்காட்சி ஒளிபரப்புக்களில் ஒரு பகுதி 174 முதல் 230 வரையிலான மெகாஹேட்சு எல்லைக்குள் நடைபெற்றது. நடுவிலே 200 மெகாஹேட்சு என்று வைத்துக் கொள்வோம். அலையின் வேகம் செக்கனுக்கு 30 கோடி மீற்றர். அதனை 20 கோடியால் வகுத்தால் அலையின் நீளம் ஒன்றரை மீற்றர். அதிற் பாதி 75 சென்ரிமீற்றர். உலோகக் கம்பியில் அலை நிற்கும் முறையினால் சிறிது குறைத்து, 71 சென்ரிமீற்றர் நீளமுள்ள கோலை எடுத்து நடுவே வெட்டி இரண்டாக்க வேண்டும். பெட்டிக்குச் செல்லும் கம்பி அந்த வெட்டின் இருபுறத்திலும் பொருத்தப்படும்.

இதற்கு முப்பது சென்ரிமீற்றர் பின்னால், சற்று நீளமான 75 சென்ரிமீற்றர்க் கோல் ஒன்று. அது அலையைத் தடுத்து முன்னோக்கித் திருப்பும். முப்பது சென்ரிமீற்றர் முன்னால், சற்றுக் குறுகிய 67 சென்ரிமீற்றர்க் கோல் ஒன்று. அது அலையை வழிகாட்டி உள்ளே அழைத்து வரும். பின்கோலுக்கும் முன்கோலுக்கும் கம்பி இணைப்பே கிடையாது. தொடாமலே துணை செய்வது அவற்றின் இயல்பு. உடா கண்ட உண்மை இதுதான். முன்கோல்களை மேலும் மேலும் சேர்த்தால் அன்டெனா ஒரே திசையைக் கூர்ந்து நோக்கும். பிற திசைகளிலிருந்து வரும் சாயல்களையும் விலக்கும்.

நடுக்கோலை வெட்டாமல், நீண்ட வளையமாக மடித்துச் செய்வதும் உண்டு. தனியாக நிற்கும் அத்தகைய மடிகோலின் தடை 300 ஓம் அளவினதாகும். அக்காலத்தில் வழங்கிய தட்டையான இரட்டைக் கம்பியின் அளவும் 300 ஓம். ஆதலால் இரண்டும் பொருந்தின. பின்னர் 75 ஓம் அளவுள்ள வட்டக் கம்பி வந்தது. அதனை மடிகோலோடு அப்படியே இணைத்தால் அலையிற் கணிசமான பகுதி வீணாகும். அதே வட்டக் கம்பியில் அரை மீற்றர்த் துண்டொன்றை வெட்டி, வளையமாக மடிகோலின் இரு முனைகளுக்குமிடையே சேர்த்துவிட்டால் இரண்டும் இணங்கிப் போகும். கைதேர்ந்தவர்கள் இதனைச் செய்தனர். பெயர் தெரியாமலே செய்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

எச்சரிக்கையாக இரண்டொரு சொற்கள். மின்சாரக் கம்பி செல்லும் இடத்துக்கு அருகில் உலோகக் கம்பத்தை ஒருபோதும் உயர்த்தக் கூடாது. அது சரிந்து கம்பியைத் தொட்டால் பிடித்திருப்பவர் உயிருக்கு ஆபத்து. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மலைநாட்டில் பிற்பகலில் இடிமின்னல் மிகுதி. கம்பத்தைத் தடித்த கம்பியால் நிலத்தோடு இணைப்பதும், இடி கேட்டவுடன் பெட்டியின் இணைப்புக்களைக் கழற்றி வைப்பதும் நலம்.

லயத்து முற்றத்தில்

அந்நாளில் பல லயங்களுக்கு மின்சாரம் வரவில்லை. தொலைக்காட்சிப் பெட்டி மோட்டார் வண்டிப் பற்றரியில் இயங்கியது. பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரியைத் தோளிலே சுமந்து கடைத்தெருவுக்கு இறங்கி, மின்னேற்றும் கடையிலே கொடுத்து, மறுநாள் போய் வாங்கிவர வேண்டும். சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டி ஏறத்தாழ 15 வாற்று மின்சாரத்தையே செலவழிக்கும். ஆயினும் நாளொன்றுக்கு இவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்தே அதனைத் திறப்பார்கள். திரைப்படம் ஒளிபரப்பாகும் நாளுக்காகப் பற்றரியின் பலத்தைச் சேமித்து வைப்பார்கள். லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் பத்து வீட்டாரும் அங்கே கூடுவார்கள். பெட்டியை வாசலிலே எடுத்து வைத்தால் முற்றமே கொட்டகையாகிவிடும்.

என் சிறுபிராயத்தில் நான் கண்ட காட்சி இன்னும் கண்முன் நிற்கிறது. மாமா கூரைக்கருகே மூங்கிலைப் பிடித்து நிற்பார். மாமி வாசலில் நிற்பார். பிள்ளைகளாகிய நாங்கள் பெட்டியின் முன் அமர்ந்திருப்போம்.

“வந்துருச்சா?” என்று மாமா கேட்பார்.

“சத்தம் வருதாம், படம் வரலையாம்!” என்று மாமி எங்கள் சொல்லை மேலே அனுப்புவார்.

“இப்ப?”

“லேசா மலைப்பக்கம் திருப்புங்க... வந்துருச்சு! விட்றாதீங்க, அப்படியே புடிங்க!”

மாமா கையை எடுத்தவுடன் படம் போய்விடும். அவருடைய உடலும் அன்டெனாவின் ஓர் உறுப்பாக வேலை செய்திருக்கிறது என்பதை நான் பௌதிகவியல் படித்த பின்னரே அறிந்தேன். சத்தம் மட்டும் முதலில் வந்ததற்கும் காரணம் உண்டு. படத்தையும் ஒலியையும் இரு வேறு அலைகள் சுமந்து வருகின்றன. ஒலியைச் சுமக்கும் முறை இரைச்சலைத் தாங்கும் வன்மை உடையது. ஆகவே அலை நலிந்தபோது படம் முதலில் அழியும். குரல் கடைசிவரை கேட்கும்.

வடமேற்குத் திசை

மேட்டு லயத்து அன்டெனாக்கள் சில வடமேற்கே நோக்கி நின்றன என்று கூறினேன். அதன் காரணத்தை இப்பொழுது சொல்கிறேன்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல் மற்றோர் உடன்பாடு ஏற்பட்டது. குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறியவர்கள் இராமேசுவரத்தில் இறங்கி, நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் சென்றனர். 1984இல் போரின் காரணமாக அக்கப்பற் போக்குவரத்தும் நின்றது.

எங்கள் அப்பாயியின் தம்பி அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை என்று ஆரம்பத்தில் கடிதம் வரும். பின்னர் அதுவும் அருகிவிட்டது. வானம் தெளிந்த சில இரவுகளில், அன்டெனாவை வடமேற்கே திருப்பினால் இந்தியத் தூரதர்சனத்தின் தமிழ் நிகழ்ச்சிகள் மணல் தூவியது போன்ற திரைக்குள்ளிருந்து மெல்லத் தலைகாட்டும். பிள்ளைகளாகிய எங்களுக்குத் திரைப்பாடல் வேண்டும். அப்பாயிக்கோ செய்தி வேண்டும். அதிலும் வானிலைச் செய்தி வேண்டும். நீலகிரியில் மழை என்று கேட்டால், “அங்கிட்டும் மழையாம், கொழுந்து நல்லா வரும்” என்று தமக்குத் தாமே சொல்லிக் கொள்வார். தம்பியின் முகத்தை அப்பெட்டியிற் காணமுடியாதென்பது அவருக்குத் தெரியும். அவன் நனையும் மழையைப் பற்றியாவது கேட்கலாம் அல்லவா?

இது எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. கடலின் மறுகரையிலும் இவ்வாறே நடந்தது. சென்னையில் 1975 ஆகஸ்டு 15ஆந் திகதி தொலைக்காட்சி தொடங்கியபோதிலும், 1980களின் முற்பகுதியில் தென்தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு அது எட்டவில்லை. எனவே மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் நெடிய கம்பங்களை நட்டு, அலையைப் பெருக்கும் கருவிகளைப் பூட்டி, நமது ரூபவாகினியைப் பார்த்தனர். மொழி விளங்காத நிகழ்ச்சிகளையும் அவர்கள் ஆவலோடு பார்த்திருந்தனர்.

பீதுருதாலகாலையிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. மேலே கூறிய கணக்கின்படி அலை அவ்வளவு தூரம் செல்ல இயலாது. இங்கே கடல் துணை செய்தது. கடலின் மேல் ஈரமும் குளிர்ச்சியும் உள்ள காற்று தங்கி, அதன் மேலே உலர்ந்த வெப்பக் காற்று படியும் வேளைகளில், இரண்டுக்குமிடையே ஒரு குழாய் போன்ற பாதை அமையும். அதற்குள் அகப்பட்ட அலை நிலத்தின் வளைவைத் தொடர்ந்து நெடுந்தூரம் செல்லும். கப்பல் நின்ற பின்னும் இரு கரைகளுக்குமிடையே கடவுச்சீட்டு இல்லாமல் சென்று வந்தவை அந்த அலைகளே.

இன்றைய நிலை

1998இல் சக்தி தொலைக்காட்சியும், 2009இல் வசந்தம் தொலைக்காட்சியும் தோன்றிய பின், தமிழ் நிகழ்ச்சிக்காகக் கடல் கடந்து நோக்கவேண்டிய தேவை குறைந்தது. பின்னர் செய்மதிக் கிண்ணங்கள் வந்தன, கைத்தொலைபேசி வந்தது. கிண்ணம் வானத்தை நோக்குகிறது. ஆதலால் எல்கடுவை மலை அதற்குத் தடையன்று. மூங்கிற் கம்பம் பயனற்றதென்று பலர் வெட்டி எறிந்துவிட்டனர்.

காலத்தோடு கருவி மாறுவது இயல்பே. அதற்காக வருந்த வேண்டுவதில்லை. ஆனால் இரண்டு செய்திகளை நாம் நினைவில் வைக்கவேண்டும். கிண்ணத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் மாதந்தோறும் பணங் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் திரை இருண்டுவிடும். மலைக் கோபுரத்திலிருந்து வரும் அலையோ காற்றையும் வெயிலையும் போலப் பொதுவானது. நாட்கூலிக் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறிதன்று. அடைமழைக் காலத்தில், மண்சரிவு எச்சரிக்கை எந்த வழியாக வந்தாலும் நன்மையே. ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழி திறந்திருக்க வேண்டும்.

மற்றொன்று, யாகியும் உடாவும் கண்ட முறை பழையதாகிவிடவில்லை. 2014இல் இலங்கை, யப்பானிய இலக்கமுறைத் தொலைக்காட்சி முறையைத் தேர்ந்தெடுத்தது. அம்முறையிலும் கூரை மேல் நிற்கக் கூடியது இதே மீன்முள் அன்டெனாவே. அலை குறுகுவதால் கோல்களும் குறுகும், அவ்வளவுதான். 600 மெகாஹேட்சு அலைக்கு அரை அலையின் நீளம் 25 சென்ரிமீற்றர். ஒரு மாணவனின் அடிமட்டத்தை விடக் குறைவு.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவர் சிலர், பாடநூலிலுள்ள அலை நீளக் கணக்கைச் செய்து முடித்தபின், அலுமினியக் குழாயும் மரச்சட்டமும் கொண்டு ஓர் அன்டெனாவைச் செய்தனர். கணக்குச் சரியாக இருந்தும் படம் வரவில்லை. எங்கே நடுவது, எத்திசை திருப்புவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவ்வழியே கொழுந்துக் கூடையோடு வந்த முதியவர் ஒருவர் சற்று நேரம் பார்த்து நின்றார். “தம்பி, அங்க திருப்பாத. அந்தப் பாறையப் பாக்க வை, கொஞ்சம் கீழ எறக்கு” என்றார். அவ்வாறே செய்தனர், படம் வந்தது. உயரத்தைக் கூட்டினால் படம் தெளியும் என்றுதான் அவர்கள் எண்ணியிருந்தார்கள். நேர் அலையும் தெறித்த அலையும் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும் உயரங்களும் உண்டு என்பதைப் பெரியவர் எந்த நூலிலும் படித்ததில்லை; முப்பது ஆண்டு காலம் மூங்கிலைத் திருப்பித் திருப்பிக் கற்றிருந்தார். மாணவர்கள் அன்று மாலை அவரிடம் கேட்டுக் கேட்டு, ஊரின் எந்த மேட்டில் எந்தத் திசை சிறந்தது என்று ஒரு படம் வரைந்தார்கள். அந்தப் படம் இப்பொழுது எங்கள் ஆய்வுகூடத்துச் சுவரில் இருக்கிறது.

இத்தகைய முதியோர் தோட்டந்தோறும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்த மலை எந்த அலையைத் தடுக்கும், எந்த மாதத்தில் கடலுக்கு அப்பாலிருந்து படம் வரும், எந்தத் திசையை நோக்கி யார் காத்திருந்தார்கள் என்பவற்றையெல்லாம் அவர்கள் அறிவார்கள். றிவர்ஸ்டன் காற்றையும் பம்பரகிரி அருவியையும் காண இரத்தோட்டைக்குச் செல்லும் மாணவர்கள், கூரை மேல் ஓர் அன்டெனாவைக் கண்டால், அவ்வீட்டுப் பெரியவரிடம் சென்று, “ஐயா, இது எந்தப் பக்கத்தைப் பார்த்து நிற்கிறது? ஏன்?” என்று வினவிப் பாருங்கள். தேநீர் ஆறும்வரை அவர் விடையளித்துக்கொண்டே இருப்பார்.